ஒரு சமையலறைக்கு எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரின் நடுவில் வரப்போகும் மாணவர் விடுதிக் கோபுரத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் சில வாரங்களாக வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்து வருகிறேன். இவ்வளவு உயரம் தேவையா, பக்கத்துப் பழைய கட்டிடங்களின் அழகு கெடுமா, தெருவில் நிழல் விழுமா, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை கடிதங்களில் ஒன்றில்கூட, அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லையே என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பதினான்கு வருடம் ஒரு பல மாடி மாணவர் விடுதியில் வார்டனாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. அந்த விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: எனக்கு உயரத்தைப் பற்றிப் பெரிய பயம் கிடையாது. பத்து மாடியோ முப்பது மாடியோ, ஒழுங்காகக் கட்டினால் பிள்ளைகள் நன்றாகவே இருப்பார்கள். என் கவலையெல்லாம் ஒவ்வொரு மாடியையும் உள்ளே எப்படிப் பிரிக்கப்போகிறார்கள் என்பதில்தான். ஒரு வராந்தாவில் எத்தனை கதவு, ஒரு சமையலறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள், ராத்திரி ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து அறைக்காரனுக்கு அது தெரியவருமா. இதை இப்போதே கேட்டுவிட வேண்டும், கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

எங்கள் விடுதி இரண்டு கட்டமாகக் கட்டப்பட்டது. பழைய பகுதியில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள், ஒரு மாடிக்கு முப்பதுக்கு மேல் அறைகள், வராந்தாவின் கோடியில் எல்லாருக்குமாக ஒரே ஒரு சமையலறை. பல வருடம் கழித்துக் கட்டிய புதுப் பகுதியில் அதே அளவு மாடியை ஆறு ஆறு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆறு அறைக்கும் சொந்தமாக ஒரு வெளிக்கதவு, ஒரு சின்னச் சமையலறை, அதில் ஆறு பேர் உட்காரும் ஒரு மேஜை, அவ்வளவுதான் வித்தியாசம். அதே கல்லூரிகளின் பிள்ளைகள், அதே விதிமுறைகள், வார்டனும் நான் ஒருவன்தான். ஆனால் பழைய பகுதியில் ஒரு இரவும் புதுப் பகுதியில் ஒரு இரவும் வேறு வேறு ஊரில் வேலை பார்ப்பது போல இருக்கும்.

பழைய பகுதியில் ஒரு பையன் ஐந்து நாள் காய்ச்சலோடு அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறான். அந்த வராந்தாவில் தினமும் முப்பது பேர் அவன் கதவைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் யார் எந்த அறை என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியில் அவனுடைய அம்மா, மகன் போனை எடுக்கவில்லை என்று அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து எங்களுக்குப் பேசினார். நான் போய்க் கதவைத் திறந்தபோது அவனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிழைத்துக்கொண்டான், பிறகு படிப்பையும் முடித்தான். ஆனால் அந்த அம்மாவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே வருடம் புதுப் பகுதியில் இன்னொரு சம்பவம். ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பெண்கள் இறங்கி வந்து, “சார், எங்க ஃப்ளாட்ல அவ நேத்து காலையிலேர்ந்து சமையலறைப் பக்கமே வரல, கதவைத் தட்டினா ‘ம்’னு மட்டும் சொல்றா, கொஞ்சம் வந்து பாருங்க” என்று நின்றார்கள். ஒன்றரை நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் இருவரும் அவளுக்கு நெருங்கிய தோழிகள்கூட இல்லை, அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது கண்ணில் பட்டிருக்கிறது.

அப்போது இதை என் சொந்த அபிப்பிராயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓய்வுபெற்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, இதை ஐம்பது வருடத்துக்கு முன்பே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்று. 1970களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இரண்டு விதமான மாணவர் விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீளமான வராந்தா, முப்பத்துச் சொச்சம் பேர் குளியலறையையும் பொது அறையையும் பகிர்ந்துகொள்கிறார்கள். மற்றதில் நான்கிலிருந்து ஆறு பேர் சேர்ந்து இருக்கும் சின்னச் சின்னக் குடியிருப்புகள். ஒரு ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய சமம்தான். ஆனாலும் நீள வராந்தாப் பிள்ளைகள்தான் நெரிசலாக இருக்கிறது என்று அதிகம் சொன்னார்கள், மற்றவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போனார்கள். என்னை உலுக்கியது அடுத்த பகுதி. அந்தப் பிள்ளைகளை விடுதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அறையில், முன்பின் தெரியாத ஒருவரோடு காத்திருக்க வைத்தபோது, அங்கேயும் அவர்கள் தள்ளிப் போய்த்தான் உட்கார்ந்தார்கள், முகத்தைப் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். அதாவது வராந்தா கற்றுக்கொடுத்த பழக்கத்தை வெளியிலும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கென்று இருந்த குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஒரு ஆய்வு 1950இல் வெளிவந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் நெருங்கிய நண்பர்களானது 41 சதவீதம், ஒரே மாடியின் இரண்டு கோடிகளில் இருந்தவர்கள் நண்பர்களானது 10 சதவீதம். நடுவில் இருந்த தூரம் சில பத்தடிகள்தான். மாடிப்படி எங்கே வந்து முடிகிறது என்பதுகூட யார் யாரோடு பழகினார்கள் என்பதை மாற்றியிருக்கிறது. மனுஷன் மனுஷனோடு பழகுவது அவரவர் குணத்தைப் பொறுத்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதில் கணிசமான பங்கை வரைபடம் போடுகிறவர் தீர்மானித்துவிடுகிறார்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் புதுக் கோபுரங்களில் தனித்தனி ஸ்டூடியோ அறைகளாகவே அடுக்குகிறார்கள்? காரணம் புரிந்துகொள்ள முடியாதது இல்லை. சமையலறைக்கும் பொது அறைக்கும் வாடகை கிடையாது, அறைக்குத்தான் வாடகை. ஒரு மேடை அடுப்பையும் குட்டி ஃப்ரிட்ஜையும் அறைக்குள்ளேயே வைத்து அதை ஸ்டூடியோ என்று சொல்லிவிட்டால் வாடகையைக் கூட்டலாம், பொது இடத்தைக் குறைக்கலாம், அந்த இடத்தில் இன்னும் இரண்டு அறை வரும். மாணவர் விடுதிக்குச் சாதாரணக் குடியிருப்புக்கான அளவு விதிகள் பல இடங்களில் பொருந்துவதும் இல்லை. இங்கிலாந்தில் 2015இல் வந்த தேசிய அளவுத் தரத்தின்படி ஒரே ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கே குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும், ஆனால் மாணவர் விடுதி அந்தக் கணக்கில் வராது. அதனால் அதில் பாதி அளவு ஸ்டூடியோகூட அங்கே சட்டப்படி சரியாகிவிடுகிறது. முதலீடு செய்கிறவர் லாபம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, பார்க்கட்டும். ஆனால் அனுமதி கொடுக்கிறவர்கள் அந்தக் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது.

தனி அறை வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கிறார்களே என்பார்கள். கேட்பார்கள்தான், அதில் ஒரு தப்பும் இல்லை. தூங்கவும் படிக்கவும் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு சொந்த அறை எல்லாருக்கும் வேண்டும், ஒரே அறையில் நான்கு கட்டில் போட்ட காலத்துக்குத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. தனி அறையை விட்டு வெளியே வந்தால் அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஆறு பேரின் மேஜையா, அறுபது கதவுள்ள வராந்தாவா? 2020இல் தொற்றுக் காலத்தில் வெளியே போகவே முடியாமல் இருந்த வாரங்களில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் ஆறு பேர் ஃப்ளாட்டில் இருந்தவர்கள் சண்டை போட்டார்கள், பாத்திரம் யார் கழுவுவது என்று குரூப்பில் மாறி மாறிக் கத்தினார்கள், ஆனால் சமாளித்துவிட்டார்கள். ஸ்டூடியோவில் தனியாக இருந்த சிலர் என்னோடு போனில் பேசும்போது, இன்றைக்கு நான் வாய் திறந்து பேசுகிற முதல் ஆள் நீங்கள்தான் சார் என்றார்கள். மாலை ஆறு மணிக்கு.

நல்ல உதாரணம் இல்லையா என்றால் இருக்கிறது. கோபன்ஹேகனில் டீட்கன் மாணவர் விடுதி என்று ஒன்று, 2006இல் திறந்தது. வட்டமான ஏழு மாடிக் கட்டிடம், நடுவில் முற்றம். 360 அறைகள், ஆனால் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் ஒரு சமையலறை. படுக்கும் அறைகளெல்லாம் வெளிப்பக்கம் பார்க்கும், சமையலறைகளும் பொது அறைகளும் உள்ளே முற்றத்தைப் பார்க்கும். சமையலறையில் நின்றால் எதிர்ப்பக்கத்தில் யார் சமைக்கிறார்கள் என்று தெரியும். விளக்கு எரிகிறதைப் பார்த்தே இன்றைக்கு அங்கே கூட்டம் இருக்கிறது என்று போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இது ஏழு மாடிதானே, கோபுரத்தில் எப்படி முடியும் என்று கேட்டால், அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாட்டர்சன் கோபுரங்கள் 1960களில் கட்டியவை, 28 மாடி. அதை ஒரே அடுக்காக நினைக்காமல் சில மாடிகளைச் சேர்த்து ஒரு ‘இல்லம்’ என்று பிரித்து, ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நான் எந்த இல்லம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ள முடிகிறது. இருபத்தெட்டு மாடியில் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜன்னலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஒரே கட்டிடத்தில் 4,500 மாணவர்களைத் தங்கவைக்க ஒரு திட்டம் போட்டார்கள். பெரும் பணக்காரரான சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார், ஆனால் தன் வடிவமைப்பின்படிதான் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். அவர் கட்டிடக் கலை படித்தவர் இல்லை. அந்த வடிவமைப்பில் படுக்கை அறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஜன்னலே கிடையாது, அதற்குப் பதிலாகச் செயற்கை வெளிச்சம் தரும் போலி ஜன்னல். பிள்ளைகளை அறையைவிட்டு வெளியே வரவைத்துப் பழகவைக்கத்தான் அப்படி என்று விளக்கம் சொன்னார்கள். 2021இல் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த கட்டிடக் கலைஞர் ஒருவர் இதை ஏற்க முடியாது என்று கடிதம் எழுதிவிட்டு விலகினார், உலகம் முழுக்கச் செய்தியானது. 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிள்ளைகள் வெளியே வந்து பழக வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்ததில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் உள்ளே இருக்க முடியாதபடி செய்து வெளியே துரத்துவது வழியே இல்லை. எம்.ஐ.டி.யில் ஆல்வர் ஆல்ட்டோ 1949இல் கட்டிய பேக்கர் விடுதியைப் பாருங்கள், பெரும்பாலான அறைகளுக்கு நதி தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிடத்தையே பாம்பு போல வளைத்துக் கட்டியிருக்கிறார். அதே வளாகத்தில் 2002இல் வந்த சிம்மன்ஸ் விடுதியில் ஒரு ஆள் அறைக்கு ஒன்பது சின்ன ஜன்னல், எல்லாமே திறக்கக்கூடியவை. நம் கோபுரத்தில் ஜன்னல் திறக்குமா? உயரத்தில் பாதுகாப்புக்காக முழுதாகத் திறக்கவிட மாட்டார்கள், அது நியாயம். ஆனால் ஒரு கையளவாவது திறந்து வெளிக்காற்று வர வேண்டும், முழுக்க இயந்திரக் காற்றை நம்பி மூடிய கண்ணாடிப் பெட்டியாக இருக்கக் கூடாது. இதை வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்தது தீ. இதில் எனக்கு நேரடி அனுபவம் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மாணவர் விடுதியில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது தீ கிடையாது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டுப் போனில் மூழ்கியிருப்பார்கள், குளியலறைக் கதவைத் திறந்ததும் வரும் ஆவி புகை உணரும் கருவியில் படும், யாரோ பந்தயத்துக்கு மணியை அடித்துவிட்டு ஓடியிருப்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு எல்லாரையும் எழுப்பிப் படியிறக்கி வெளியே நிறுத்த வேண்டும். முதல் மாதம் எல்லாரும் இறங்குவார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நான் கதவு கதவாகத் தட்டியிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். 2019 நவம்பர் 15 அன்று இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் ‘தி கியூப்’ என்ற ஆறு மாடி மாணவர் விடுதியில் தீப்பிடித்து வெளிச்சுவரில் பதித்திருந்த பலகைகள் வழியாக மேல்நோக்கி ஏறியது. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியேறினார்கள், நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. மணி அடிக்கடி சும்மாவே அடிக்கும் என்பதால் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அங்கிருந்த மாணவர்கள் சிலர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டிடத்தின் உயரம் 18 மீட்டருக்குக் கீழே இருந்ததால், கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு உயரமான கட்டிடங்களுக்குக் கொண்டுவந்த எரியும் பலகைத் தடைக்குள்ளும் அது வரவில்லை.

கிரென்ஃபெல் பற்றி உங்கள் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் 24 மாடிக் குடியிருப்பு, 2017 ஜூன் 14, உயிரிழந்தவர்கள் 72 பேர். அந்தக் கட்டிடம் முழுவதற்கும் ஒரே ஒரு மாடிப்படிதான். மேலே இருந்து இறங்குகிறவர்களும் கீழே இருந்து குழாயோடு ஏறும் தீயணைப்பு வீரர்களும் புகை நிறைந்த அதே படியில். இப்போது இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புக் கட்டிடங்களுக்கு இரண்டாவது படிக்கட்டு 2026 செப்டம்பர் 30 முதல் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். 11 மீட்டருக்கு மேல் இருந்தால், தீப்பிடித்ததும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்பது 2020இலேயே வந்துவிட்டது. எது உயரமான கட்டிடம் என்பதற்கு ஒரு நாட்டில் 15 மீட்டர், இன்னொரு நாட்டில் 18 மீட்டர் என்று கோடு போடுவார்கள், நம் கோபுரம் எந்தக் கோட்டையும் பலமடங்கு தாண்டுகிறது. ஆகவே இரண்டு படிக்கட்டுகள், ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு படிக்கட்டுகள், இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றில் புகை வந்தால் மற்றதிலும் வரும். இதுவும் படத்தில்தான் தெரியும்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள், தீயும் சமையலறைப் பிரிவும் தனித்தனி விஷயம் கிடையாது. ஆறு பேர் ஃப்ளாட்டில் மணி அடித்தால் எவன் அடுப்பு என்று உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை மற்ற ஐந்து பேரும் அவனை விட மாட்டார்கள். இரவில் இறங்கும்போது ஆறு பேரும் இருக்கிறார்களா என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள். நீள வராந்தாவில் எண்ணுவதற்கு ஆளே கிடையாது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சாண்டர் ஹால் என்று 27 மாடி விடுதி இருந்தது. 1971இல் திறந்தார்கள். பொய் எச்சரிக்கை மணிகளும் சேதப்படுத்தல்களும் நிற்கவே இல்லை, தீயும் பிடித்தது. 1982இல் மூடிவிட்டார்கள், பிறகு பல வருடம் காலியாகவே நின்று, 1991இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கக் கட்டிய கட்டிடத்தின் பயன்பாடு பதினொரு வருடம்தான். அதைக் கட்டியவர்களும் கெட்ட எண்ணத்தோடு கட்டியிருக்க மாட்டார்கள்.

லிஃப்ட் பற்றிச் சுருக்கமாக. ஐந்து நிமிடத்தில் கட்டிடத்தில் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரை ஏற்றி இறக்க முடியும் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் லிஃப்ட் எண்ணிக்கையை முடிவு செய்வார்கள், அதில் குடியிருப்புக்கு ஒரு அளவு, அலுவலகத்துக்கு அதைவிட அதிகம். குடியிருப்பில் ஆட்கள் வெவ்வேறு நேரத்தில் கிளம்புவார்கள் என்ற நினைப்பு அது. மாணவர்கள் அப்படி இல்லை, முதல் வகுப்புக்கு எல்லாரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புவார்கள். வருடத்தில் ஒரு நாள், பெட்டி படுக்கையோடு பெற்றோரும் பிள்ளைகளுமாக வந்து இறங்கும் நாளில், ஒரு லிஃப்ட் பழுதானால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அது ஒரு நாள் பிரச்சினை மட்டும் இல்லை. காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை, உயரமான சுவரில் மோதும் காற்று கீழே இறங்கித் தெருவில் வேகமெடுக்கும், அதைக் காற்றுச் சுரங்கச் சோதனையில் முன்கூட்டியே பார்க்கலாம். அந்தச் சோதனையின் முடிவை வெளியிடச் சொல்லிச் சில வாசகர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு மாணவர் கோபுரங்களில் குளியலறையைத் தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து, டைல்ஸ், குழாய், கண்ணாடி உட்பட, ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைக்கிறார்கள். சில இடங்களில் அறையே அப்படித்தான் வருகிறது, லண்டனின் வெம்ப்லியில் 2017இல் எழுந்த அபெக்ஸ் ஹவுஸ் என்ற 29 மாடி மாணவர் கோபுரம் தொழிற்சாலையில் செய்த அறைகளை அடுக்கிக் கட்டியதுதான். வேகமாக வேலை முடியும், தரமும் ஒரே மாதிரி இருக்கும், நல்ல முறைதான். ஆனால் ஒரு குளியலறைக்கு நேர் கீழே இன்னொரு குளியலறை, அதற்குக் கீழே இன்னொன்று என்று தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் இறங்கும். அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்களே பல சமயம் பாரம் தாங்கும் சுவர்கள். நாளைக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்து, குடும்பங்களுக்கு வீடாக மாற்றலாம் என்றால் சுவரை இடிக்க முடியாது. மூன்று ஸ்டூடியோவைச் சேர்த்து ஒரு வீடாக்கினால் அதில் மூன்று குளியலறையும் வெளிச்சம் வராத ஒரு கூடமும்தான் இருக்கும். முதல் நாள் போட்ட கோடுதான் ஐம்பது வருடத்துக்கும்.

நான் கோபுரத்துக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற வாரம் ஒரு வாசகர், மாணவர்கள் வந்தால் சத்தமும் குப்பையும்தான் என்று எழுதியிருந்தார், அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடக் கூடாது. மாணவர்கள் நகரின் நடுவில் இருப்பது நல்லது. கல்லூரிக்கு நடந்து போவார்கள், நூலகம் பக்கத்தில் இருக்கும், ராத்திரி வேலை முடிந்து திரும்பும் பெண் பிள்ளைக்குக் கடைசி பஸ்ஸைப் பற்றிய பயம் இருக்காது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்ப வீட்டை வாடகைக்கு எடுப்பது குறைந்தால் அந்த வீடுகள் குடும்பங்களுக்குக் கிடைக்கும். அந்த வாசகருக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: பதினான்கு வருடத்தில் எனக்கு அதிகச் சத்தமும் குப்பையும் தந்த மாடிகள், ஒருவரை ஒருவர் தெரியாத மாடிகள்தான்.

அதனால் நகர நிர்வாகத்தில் இந்தக் கோப்பைப் பார்க்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு சமையலறைக்கு எட்டுப் பேர், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். அந்தச் சமையலறை வராந்தாவின் இருட்டுக் கோடியில் இருக்கக் கூடாது, ஜன்னலோடு, அறைக்குப் போகும் வழியிலேயே இருக்க வேண்டும். ஸ்டூடியோ வேண்டுமென்றால் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும், வயதில் மூத்த மாணவர்களுக்கும் தம்பதிகளுக்கும் அது தேவைப்படும், ஆனால் முழுக் கோபுரமும் ஸ்டூடியோவாக இருக்கக் கூடாது. விலகிய இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொரு அறையிலும் ஸ்பிரிங்க்ளர், திறக்கும் ஜன்னல். அப்புறம், இரவில் மனிதர் இருக்க வேண்டும். கேமராவும் வாட்ஸப் எண்ணும் வைத்துவிட்டு இருபத்துநான்கு மணி நேரச் சேவை என்று சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மணிக்கு அந்த இரண்டு பெண்கள் இறங்கி வந்தபோது கீழே மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தேன், கேமராவிடம் அவர்கள் வந்து சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு ஆசிரியரே. இதுவரை நீங்கள் வெளியிட்ட படங்கள் எல்லாமே கோபுரம் வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்தவை, மாலை வெளிச்சம், கீழே மரங்கள், சிரித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகள். விண்ணப்பத்தோடு கொடுத்த வரைபடங்களில் ‘வழக்கமான மாடி’ என்று ஒரு தாள் கட்டாயம் இருக்கும், பத்தாவது மாடியோ இருபதாவது மாடியோ, எல்லாம் அதே மாதிரிதான். அந்த ஒரு தாளை வாங்கி அரைப் பக்கத்துக்கு, படிக்க முடிகிற அளவில் போடுங்கள். கதவுகள் எத்தனை, சமையலறைகள் எத்தனை, படிக்கட்டுகள் எங்கே என்று வாசகர்கள் விரல் வைத்து எண்ணிக்கொள்வோம். கருத்துக் கேட்பு முடிவதற்குள் அது வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி வார்டன் ஒருவர்